மைக்கேல் பொனலக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மைக்கேல் பொனலக்?

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் சிக்வெல் என்ற ஊரில் 1934 டிசம்பர் 31 அன்று பிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர். பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பை 5 முறை வென்றவர். இங்கிலீஷ் அமெச்சூர் பட்டமும் 5 முறை. கடைசிவரை காசுக்கு ஆடியதே இல்லை. ஆடி முடித்த பிறகு, ப்ரொஃபஷனல்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடும் ஓபன் சாம்பியன்ஷிப்பை அப்போது நடத்திய ஆர் அண்ட் ஏ கிளப்பின் செயலாளராக 16 வருடம் இருந்தார். 2023 செப்டம்பர் 26 அன்று, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், 88 வயதில் காலமானார்.

கோல்ஃப் பார்க்கிறவர்களிலேயே பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கும். டைகர் உட்ஸ், ஜேக் நிக்லாஸ் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். பொனலக் என்றால் "அது யார்?" என்பார்கள். பணமும் டிவியும் ப்ரொஃபஷனல்கள் பக்கம் முழுசாகச் சாய்ந்துகொண்டிருந்த காலத்தில் இந்தப் பக்கம் நின்று ஆடியவர் என்பதால் வந்த வினை இது.

அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி என்றுதானே அர்த்தம்?

நம் பேச்சு வழக்கில் அந்த வாடை ஒட்டிக்கொண்டுவிட்டது, உண்மைதான். ஆனால் அமெச்சூர் நாடகம் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். பகலில் பேங்கிலோ ஏஜி ஆபீஸிலோ வேலை, சாயந்திரம் சபா மேடை. அவர்களில் எத்தனை பேர் தொழில்முறை நடிகர்களைத் தூக்கிச் சாப்பிட்டார்கள்! கோல்ஃபில் அமெச்சூர் என்பதும் ஏறக்குறைய அதுதான். பரிசுப் பணத்தைத் தொடக்கூடாது, ஆட்டத்தைத் தொழிலாக வைத்துக்கொள்ளக் கூடாது. பொனலக் காலத்து விதி அவ்வளவே. திறமை குறைவு என்று அதில் எங்கும் இல்லை.

அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் 1920களில் ஓபன் பட்டங்களைக் குவித்தபோது அவரும் அமெச்சூர்தான். பொனலக் தலையெடுத்த காலத்தில் நிலைமை மாறியிருந்தது. நன்றாக ஆடத் தெரிந்த இளைஞன் ப்ரொஃபஷனல் ஆகிவிடுவதுதான் வழக்கமாகிக்கொண்டிருந்தது. அந்த நீரோட்டத்துக்கு எதிரே ஒரு ஆள் இருபது வருடம் நின்றான் என்பதால்தான் இந்தக் கதை சொல்லத் தகுந்ததாகிறது.

அப்படியானால் அவருக்குச் சோறு போட்டது எது?

குடும்பத் தொழில். லாரி, வேன் போன்ற வணிக வண்டிகளுக்குப் பாடி கட்டும் கம்பெனி அவர்களுடையது. சேஸிஸ் வெறும் எலும்புக்கூடாக வரும், மேலே கூண்டு கட்டித் தருவார்கள். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டேதான் அவர் ஆடினார்.

இதை எளிமையின் கதையாக மாற்றிவிட வேண்டாம். சொந்தக் கம்பெனியாக இருந்ததால்தான் ஒரு வாரம் லீவு போட்டு ஸ்காட்லாந்துக்குப் போக முடிந்தது. அடுத்தவன் பட்டறையில் கூலிக்குப் பாடி கட்டிய தொழிலாளிக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், அது நடக்காது. அவர் படித்த ஹெய்லிபரியும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். அமெச்சூர் கோல்ஃபின் மறுபக்கம் இது. காசு வாங்காமல் ஆட, முதலில் கையில் காசு வேண்டும்.

எப்போது கவனத்துக்கு வந்தார்?

1952இல், 17 வயதில். ஃபார்ம்பியில் நடந்த பிரிட்டிஷ் பாய்ஸ் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் அலெக் ஷெப்பர்சனை வென்றார். 36 குழி முடிந்தும் சமநிலை. 37வது குழியில்தான் முடிவு வந்தது. பின்னாளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த விடாப்பிடி அப்போதே தெரிந்திருக்கிறது.

"12 அண்ட் 11" என்கிறார்களே, அது என்ன கணக்கு?

இதைப் புரிந்துகொண்டால் பாதி பொனலக் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

டிவியில் நாம் பார்க்கும் கோல்ஃப் பெரும்பாலும் ஸ்ட்ரோக் பிளே. மொத்தம் எத்தனை அடி என்று கூட்டி, குறைவாக அடித்தவருக்குப் பரிசு. அமெச்சூர் சாம்பியன்ஷிப்புகளின் உயிர்நாடி மேட்ச் பிளே. ஒருவருக்கு எதிராக ஒருவர். ஒவ்வொரு குழியும் தனிப் பந்தயம். இந்தக் குழியில் நான் 4 அடி, நீ 5 அடி என்றால் குழி எனக்கு. நீ 5 அடித்தாலும் 9 அடித்தாலும் எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு குழிதான். தோற்றவர் வீட்டுக்கு, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு. இறுதியாட்டம் மட்டும் 36 குழி: காலையில் 18, சாப்பாட்டுக்குப் பிறகு 18.

இனி எண்ணுக்கு வருவோம். மிச்சமிருக்கும் குழிகளை விட முன்னிலை அதிகமாகிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். "12 அண்ட் 11" என்றால் 12 குழி முன்னிலை, மிச்சம் 11. அதாவது 36 குழி ஆட்டம் 25வது குழியிலேயே முடிந்துபோனது. எதிராளி கைகுலுக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

1968இல் யார்க்‌ஷரில் உள்ள கேண்டன் மைதானத்தில், இங்கிலீஷ் அமெச்சூர் இறுதியாட்டத்தில் டேவிட் கெல்லிக்கு இதுதான் நடந்தது. அன்று காலைச் சுற்றில் பொனலக் அடித்தது 61. முதல் 9 குழிக்கு 32, அடுத்த 9 குழிக்கு 29.

கேண்டன் கடலோரத்தில் இல்லை. ஆனாலும் மண் மணற்பாங்கு, புதர் முள், பங்கர்கள் என்ற மணல் பள்ளங்கள் ஆழம். சாமானிய மைதானம் அல்ல அது. அங்கே ஒன்பது குழிக்கு 29 என்றால் சராசரியாக ஒரு குழிக்கு மூன்றேகால் அடிகூட ஆகவில்லை. இறுதியாட்டத்துக்கு வந்தவர் என்றாலே கெல்லி நல்ல ஆட்டக்காரர் என்றுதான் அர்த்தம். அன்று அவர் மேல் எனக்குப் பரிதாபம்தான் வருகிறது. எதிராளி இப்படி அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர என்ன செய்ய முடியும்?

அந்த 61 மைதானத்தின் சாதனையாக ஏன் கணக்கில் வரவில்லை?

மேட்ச் பிளேயில் விட்டுக்கொடுத்தல் என்று ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்கு அருகில் வந்து நின்றால், "சரி, போதும், எடுத்துக்கொள்" என்று எதிராளி சொல்லிவிடலாம். கடைசி அடியை அடித்ததாகவே கணக்கு. ஸ்ட்ரோக் பிளேயில் அரையடித் தூரமாக இருந்தாலும் உள்ளே தட்டியாக வேண்டும். எனவே மேட்ச் பிளேயில் வரும் மொத்த எண்ணிக்கையை முறையான ஸ்கோராக ஏற்பதில்லை. ஆனால் அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்த விதியைச் சொல்லி அதைக் குறைத்துப் பேசி நான் படித்ததில்லை.

அவருடைய ஆட்டம் பார்க்க அழகாக இருக்குமாமே?

யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்விங்கில், அதாவது மட்டையை வீசும் விதத்தில், நளினம் குறைவு. இளமையில் அது அவ்வளவு நம்பகமாகவும் இல்லை. லண்டனில் லெஸ்லி கிங் என்ற பயிற்சியாளரிடம் போய்ப் பாடுபட்டுச் சீர்செய்துகொண்டார். கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) 150 கஜத்துக்கு அப்பால் அவரை விட அழகாக அடித்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

கதை மாறுவது கிரீனை நெருங்கும்போது. படங்களில் அவர் பட்டிங் செய்ய, அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் தட்டிவிட, நிற்கும் நிலையைப் பாருங்கள். கால்கள் இரண்டும் அகலமாக விரிந்திருக்கும். முழங்கால் மடங்கி, இடுப்பிலிருந்து உடம்பு அப்படியே முன்னால் சாய்ந்து, தலை கையருகே தொங்கும். கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவர் மாதிரி இருக்கும். எந்தக் கோச்சும் ஒரு சிறுவனுக்கு இப்படி நில் என்று சொல்லித்தர மாட்டார். ஆனால் பந்து உள்ளே போகும். இரண்டு கஜம், மூன்று கஜம், எதிராளி "இது தப்பிவிடும்" என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருக்கும் அந்தத் தூரங்களிலிருந்து உள்ளே போகும்.

மேட்ச் பிளேயில் இது எப்பேர்ப்பட்ட ஆயுதம் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் இரண்டே அடியில் கிரீனுக்கு வந்து, ஒழுங்காக இரண்டு பட்டில் முடித்து 4 எடுக்கப் போகிறீர்கள். அவர் பந்து கிரீனுக்கு வெளியே புல்லில் கிடக்கிறது. குழி உங்களுக்குத்தான் என்று தோன்றும். அவர் சிப் என்ற சின்ன அடியில் பந்தைத் தூக்கிப் போட்டு, குழிக்கு எட்டடித் தூரத்தில் கொண்டுவந்து போட்டு, குனிந்து நின்று உள்ளே தட்டிவிடுவார். அவருக்கும் 4. ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஒரே காலையில் ஆறு தடவை நடந்தால் எதிராளியின் கை நடுங்கத் தொடங்கும். அவரிடம் தோற்றவர்களில் பலர் பந்தை அவரை விட நன்றாகவே அடித்திருப்பார்கள். தோற்றது அந்த எட்டடியில்தான்.

ஐந்து அமெச்சூர் பட்டங்களும் எங்கே, எப்போது?

1961இல் டர்ன்பெரி, ஸ்காட்லாந்து. ஜேம்ஸ் வாக்கரை 6 அண்ட் 4 என்று வென்றார்.

1965இல் வேல்ஸின் ராயல் போர்த்கால். எதிராளி கிளைவ் கிளார்க் என்ற இளைஞர். காலையில் 13 குழி முடிந்தபோது பொனலக் 6 குழி பின்னால் இருந்தார். மேட்ச் பிளேயில் இது கிட்டத்தட்டச் சடங்கு முடிந்த நிலை. ஒவ்வொரு குழியாகத் திரும்ப வாங்கி, 2 அண்ட் 1 என்று முடித்தார். அவருடைய ஐந்து பட்டங்களில் எதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், கேண்டன் புகழை எல்லாம் தள்ளிவிட்டு நான் இதைத்தான் சொல்வேன்.

1968 ட்ரூன், ஸ்காட்லாந்து. இறுதியில் அயர்லாந்தின் ஜோ கார். ஏற்கெனவே இந்தப் பட்டத்தை 3 முறை வென்றவர், அப்போது வயது 46. முடிவு 7 அண்ட் 6.

1969 ஹாய்லேக், இங்கிலாந்து. 1970 ராயல் கவுண்டி டவுன், வட அயர்லாந்து. இரண்டு முறையும் இறுதியில் எதிரே நின்றவர் ஒரே ஆள்: அமெரிக்காவின் பில் ஹிண்ட்மன். முதல் வருடம் 3 அண்ட் 2, இரண்டாம் வருடம் 8 அண்ட் 7. ஹிண்ட்மன் 50 வயதைத் தாண்டியவர். 1959இலேயே ஒரு இறுதியாட்டத்தில் டீன் பீமனிடம் தோற்றவர். மூன்று முறை கடல் தாண்டி வந்து, மூன்று முறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறார். பொனலக்கின் கதையில் அவருக்கும் ஒரு வரி கொடுக்காமல் விட மனம் வரவில்லை.

ஊர்ப் பெயர்களைத் திரும்பப் பாருங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து, வட அயர்லாந்து. ஐக்கிய ராஜ்ஜியத்தின் நான்கு நாடுகளிலும் வென்றிருக்கிறார். எல்லாம் கடற்காற்று அடிக்கும் லிங்க்ஸ் மைதானங்கள். பந்து எப்படி உருளும் என்று காற்றும் தரையும் சேர்ந்து முடிவு செய்யும் இடங்கள்.

அவரை விட அதிகம் வென்றவர் உண்டா?

ஒருவர் மட்டும். ஹாய்லேக்கின் ஜான் பால். 1888 முதல் 1912 வரை 8 முறை. ஆனால் தொடர்ந்து 3 வருடம் வெல்ல ஜான் பாலாலும் முடியவில்லை. 1968, 69, 70 என்று அதைச் செய்து காட்டினார் பொனலக். அதில் நடுவில் வரும் வெற்றி ஜான் பாலின் சொந்த மைதானத்திலேயே.

1968 அவருக்கு ராஜயோக வருடமா?

அந்த ஒரு வருடத்தை மட்டும் வரிசையாகச் சொன்னால் நீங்களே முடிவு செய்யலாம். பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம். கேண்டனில் இங்கிலீஷ் அமெச்சூர் பட்டம். ஸ்ட்ரோக் பிளேக்கான பிரபசான் கோப்பை. கார்னூஸ்டியில் கேரி பிளேயர் வென்ற ஓபனில், அமெச்சூர்களில் முதலிடம். ஆண்டுக் கடைசியில் ராயல் மெல்போர்னில் நடந்த ஐசன்ஹோவர் கோப்பை, அதாவது உலக அமெச்சூர் அணிப் போட்டி. அங்கே தனிநபர் ஸ்கோரில் அமெரிக்காவின் வின்னி ஜைல்ஸுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அணியாகப் பார்த்தால் பிரிட்டன் அமெரிக்காவிடம் ஒரே ஒரு அடியில் கோட்டைவிட்டது.

மேட்ச் பிளேக்கு மட்டும்தான் லாயக்கு என்று சொன்னவர்களின் வாய் அந்த வருடத்தோடு அடைத்துப்போனது.

வாக்கர் கோப்பை என்பது என்ன? அதில் அவர் பங்கு?

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அமெரிக்க அமெச்சூர் அணிக்கும், பிரிட்டன்–அயர்லாந்து அணிக்கும் நடக்கும் மோதல். மோதல் என்பதே மிகை. 1922இல் தொடங்கி 1970 வரை பிரிட்டன் தரப்பு ஜெயித்தது ஒரே ஒரு தடவை, 1938இல், செயின்ட் ஆண்ட்ரூஸில். 1965இல் பால்டிமோரில் சமநிலை வந்ததையே திருவிழாவாகக் கொண்டாடினார்கள். அன்று கடைசிக் குழியில் நீண்ட பட் ஒன்றை உள்ளே தள்ளி அந்தச் சமநிலையைக் காப்பாற்றியவர் கிளைவ் கிளார்க். ஆம், அதே வருடம் போர்த்காலில் பொனலக்கிடம் தோற்ற அதே பையன்தான்.

பொனலக் 1957 முதல் 1973 வரை ஒன்பது அணிகளில் இடம்பிடித்தார். 1969இலும் 1971இலும் ஆடும் கேப்டன்.

1971, செயின்ட் ஆண்ட்ரூஸ். அமெரிக்க அணியில் லேனி வாட்கின்ஸ், டாம் கைட் இருவரும் இருந்தார்கள். பின்னால் ப்ரொஃபஷனல் உலகில் பெரிய பேர் எடுத்தவர்கள். முதல் நாள் காலை ஃபோர்சம் ஆட்டங்கள், அதாவது இருவர் சேர்ந்து ஒரே பந்தை மாறி மாறி அடிப்பது. நான்கையும் பிரிட்டன் வென்றது. 4–0. ஊரே துள்ளியது. மத்தியானம் ஒற்றையர் ஆட்டங்களில் அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் வட்டியோடு திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. "வழக்கம்போலத்தான்" என்று பலர் முடிவு கட்டியிருப்பார்கள்.

கடைசி மத்தியானம் 8 ஒற்றையர் ஆட்டங்கள். பிரிட்டன் தரப்பு 6 வென்றது. மொத்தம் 13–11. 33 வருடத்துக்குப் பிறகு, அதே ஊரில், இரண்டாவது வெற்றி. அந்த அணியில் ராடி கார் என்ற இளைஞர் இருந்தார், 1968 இறுதியில் பொனலக்கிடம் தோற்ற ஜோ காரின் மகன். வெற்றியை உறுதி செய்தது டேவிட் மார்ஷ் 17வது குழியில் அடித்த ஒரு அடி. ரோட் ஹோல் என்று பேர் பெற்ற குழி அது. கிரீனுக்கு முன்னால் ஆள் முழுகும் பங்கர், பின்னால் தார்ச்சாலை. உலகின் ஆகப் பெரிய ஆட்டக்காரர்கள் மானம் போன இடம். மார்ஷ் தூரத்திலிருந்து 3 அயர்ன் மட்டையை எடுத்து நேராகக் கிரீனில் கொண்டுபோய் வைத்தார். எதிராளி யார் தெரியுமா? பில் ஹிண்ட்மன். பாவம், அந்த மனிதரை விதி விடவே இல்லை.

மார்ஷ் தொழிலால் டாக்டர். கேப்டன் வண்டிக்குப் பாடி கட்டும் கம்பெனிக்காரர். வாட்கின்ஸும் கைட்டும் இருந்த அணியைத் தோற்கடித்த கூட்டம் இது.

அடுத்த வெற்றிக்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடும்பத்தில் வேறு யாரும் ஆடினார்களா?

யார் ஆடவில்லை என்று கேட்டிருக்கலாம்!

1958இல் அவர் கைப்பிடித்த ஆஞ்செலா வார்ட், கல்யாணத்துக்கு முன்பே பிரிட்டன் அணிக்கு ஆடியவர். பெண்களுக்கான வாக்கர் கோப்பை போன்றது கர்ட்டிஸ் கோப்பை. 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 6 அணிகளில் இருந்தார். 1956இல் கென்டின் பிரின்சஸ் மைதானத்தில் 5–4 என்று அமெரிக்காவை வென்ற அணியிலும் உண்டு. இங்கிலாந்து பெண்கள் பட்டத்தை 1958, 1963 என இரண்டு முறை வென்றார். பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூரில் 1962இலும் 1974இலும் இறுதி வரை போனார். இரண்டுக்கும் நடுவே 12 வருடம்.

1963இல் கணவரும் இங்கிலாந்து சாம்பியன், மனைவியும் இங்கிலாந்து சாம்பியன். அந்த வருடம் வீட்டு ஷோகேஸில் கோப்பைகளுக்கு இடம் ஒதுக்குவதில் என்ன சண்டை நடந்ததோ!

இன்னும் இருக்கிறது. பொனலக்கின் தங்கை சாலி 1968இல் இங்கிலாந்து பெண்கள் பட்டத்தை வென்றார். அதே வருடம்தான் அண்ணன் கேண்டனில் கெல்லியைப் புரட்டி எடுத்தது.

ஆஞ்செலா 2022இல் காலமானார்.

ப்ரொஃபஷனலாக மாறியிருந்தால் பெரிய ஆளாகியிருப்பாரா?

யூகத்துக்கு அளவில்லை, அதனால் சுருக்கமாக. ஓபனில் 1968, 1971 இரண்டு முறையும் அமெச்சூர்களில் முதலாக வந்தார். வாரா வாரம் பெரிய மைதானங்களில் நான்கு நாள் ஆடும் வாழ்க்கைக்கு டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் இடம்) அடிக்கும் நீளமும் நேர்த்தியும் வேண்டும். அவருடைய பலம் அதில் இல்லை. பட்டர் என்ற பட்டிங் மட்டையை வைத்து நன்றாகவே பிழைத்திருப்பார். நிக்லாஸை அடித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆர் அண்ட் ஏ செயலாளர் என்றால் என்ன வேலை?

பேருக்கு கிளப் செயலாளர். உண்மையில் ஓபனை நடத்துவதும், அமெரிக்காவையும் மெக்சிகோவையும் தவிர்த்த உலகத்துக்குக் கோல்ஃப் விதிகளைப் பராமரிப்பதும் அந்த அலுவலகத்தின் கையில் இருந்தன. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் விதிப்புத்தகத்தைப் புரட்டியவர்கள் புரட்டியது அங்கிருந்து வந்ததைத்தான். கீத் மெக்கென்சிக்குப் பிறகு 1983இல் பொனலக் அந்த நாற்காலிக்கு வந்தார். 1999 வரை இருந்தார்.

அதற்கு முன்பே 1970களில் ப்ரொஃபஷனல் ஆட்டக்காரர்களின் சங்கமான பிஜிஏவுக்குத் தலைவராக இருந்திருக்கிறார். வாழ்நாளில் பரிசுப் பணம் வாங்காதவரைக் காசுக்கு ஆடுகிறவர்கள் தங்களுக்குத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள்.

அவர் காலத்து மாற்றங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று பந்து. பிரிட்டனில் 1.62 அங்குல விட்டமுள்ள சின்னப் பந்து, அமெரிக்காவில் 1.68 அங்குலப் பெரிய பந்து என்று இரண்டு வழக்கம் பல காலம் இருந்தது. எதிர்க்காற்றில் சின்னப் பந்து இன்னும் தூரம் போகும். அதனால் பிரிட்டிஷ்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். ஓபனில் 1974இலேயே பெரிய பந்து கட்டாயமாகிவிட்டது. 1990 முதல் எல்லா ஆட்டத்துக்கும் அதுவே என்றாகி, சின்னப் பந்து விதியிலிருந்து மறைந்தது. பொனலக் தன் இளமையில் அடித்து வளர்ந்தது அந்தச் சின்னப் பந்தைத்தான்.

இன்னொன்று, ஓபனில் சமநிலை வந்தால் மறுநாள் 18 குழி ஆடும் பழக்கம் போய், அன்றைக்கே 4 குழி ஆடித் தீர்ப்பது வந்தது. 1989இல் ட்ரூனில் முதல் முறையாக அது நடந்தது. மார்க் கால்கவெக்கியா வென்றார்.

அவர் காலத்தில் அந்தக் கிளப்பில் பெண்களுக்கு இடம் இருந்ததா?

இல்லை. ஆர் அண்ட் ஏ கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வாக்களித்தது 2014 செப்டம்பரில். அதாவது அவர் செயலாளராக இருந்த 16 வருடமும், 6 கர்ட்டிஸ் கோப்பை ஆடிய அவருடைய மனைவி அந்தக் கிளப்பில் உறுப்பினராக முடியாது. அதற்கு அவரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. 1754இல் தொடங்கிய கிளப்பின் வழக்கம் அது. ஆனால் அவரைப் புகழ்ந்து எழுதும்போது இதைத் தாண்டிப் போய்விடுவது வழக்கமாகியிருக்கிறது. அது சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

விருதுகள்?

1971இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருது. அடுத்த வருடம், விளையாட்டுப் பண்புக்காக அமெரிக்க கோல்ஃப் சங்கம் தரும் பாபி ஜோன்ஸ் விருது. 1998இல் சர் பட்டம். 2000இல் உலக கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்.

செயலாளர் பதவிக்குப் பிறகு என்ன ஆனார்?

1999 செப்டம்பரில் ஆர் அண்ட் ஏ கேப்டன் ஆனார். ஒரு வருடப் பதவி. நிர்வாகத்தை விடச் சடங்குகள்தான் அதிகம்.

அந்தப் பதவியேற்பு பார்க்க வேடிக்கையானது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் முதல் டீயில், கிளப் கட்டிடத்துக்கு முன்னால், காலையில் கூட்டம் கூடும். புதிய கேப்டன், டிரைவர் என்ற நீள மட்டையால் ஒரே ஒரு டிரைவ் அடிக்க வேண்டும். பக்கத்தில் பீரங்கி வெடிக்கும். தூரத்தில் ஃபேர்வே புல்வெளியில், ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடிகள் வரிசையாக நின்று, பந்து விழும் இடத்தை நோக்கி முண்டியடித்து ஓடுவார்கள். பந்தைப் பொறுக்கிக் கொண்டுவந்து தருகிறவருக்கு ஒரு தங்க சவரன். புதிய கேப்டன் எவ்வளவு தூரம் அடிப்பார் என்று கணித்துத்தான் கேடிகள் எங்கே நிற்பது என்று முடிவு செய்வார்கள். அடிக்கிறவருக்கு அதைவிட அவமானமும் மரியாதையும் வேறில்லை.

64 வயதில் பொனலக் அங்கே நின்றார். கையில் பட்டர் இல்லை, டிரைவர்.